உழைச்செல்வான் வரலாறு

மருந்து என்றவுடன் மாத்திரையும் குடிநீரும் ஊசியுமே நம் நினைவிற்கு வருகின்றன. வள்ளுவப் பெருந்தகையார் அவ்வளவில் நின்றாரல்லர். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். நோயுற்றவன் ஒரு கூறு. அதனைத் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நோயாளியின் அருகிலிருந்து ஆவன செய்பவன் நான்காம் கூறு. இந்த நான்காமவனை அவர் 'உழைச்செல்வான்' என்று குறிக்கின்றார். உழை என்பது பக்கம். துன்புற்றவனைப் பிரியாது அவன் பக்கத்திலேயே செல்பவன் உழைச்செல்வான். வடமொழி மருத்துவ நூலாகிய சரகமும் மருத்துவத்திற்குக் கால்கள் நான்கு என்று கூறி, பணிவிடை செய்பவனை அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளது.

அன்பர்களே! மருத்துவரைப் பற்றிய வரலாறு மிகுதியாக உண்டு. மருந்தைப் பற்றிய வரலாறும் உண்டு. இந்த நான்காமவனுடைய வரலாற்றை மட்டும் நாம் கேட்டறிந்ததில்லை. தெருவிலோ, வயலிலோ, இரயில் பாதையிலோ ஒருவன் வீழ்ந்து கிடக்கின்றான். மருத்துவமனையோ தொலைவில் இருக்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் அவன் உயிரைக் காப்பவன் யார்? அவனுக்குக் கல்வி உண்டா? பட்டம் உண்டா? நாட்டில் அவனுக்குப் பெயர் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் படித்தவற்றையே இம்மலரில் தொகுத்துத் தருகின்றேன்.

எழுதப் புகுந்த காரணம்

இவ்வினாக்கள் என் உள்ளத்தில் எழுந்ததற்குக் காரணங்கள் இரண்டு. இரண்டும் என் சொந்த வாழ்வைச் சார்ந்தவையே ஆயினும், நம் காலனியிலுள்ள குடும்பங்கள் பலவற்றிற்கும் பொதுவாக இருக்கக்கூடியவை என்பதால் இங்குக் கூறத் துணிகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளிரவு, பணி முடிந்து ஹீலலிகே நிலையத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். சந்தாபுராவை அடுத்து ஓசூர்ச் சாலையில் இரு சக்கர வண்டியில் வந்த இளைஞன் ஒருவன், நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதி வீழ்ந்து கிடந்தான். கூட்டம் கூடிவிட்டது. "அண்ணா, கழுத்து வலிக்குதுண்ணா, தூக்காதீங்க" என்று அவன் தமிழில் முனகினான். அங்கு நின்றவர் பெரும்பாலோர் வடநாட்டுத் தொழிலாளர். அவன் மொழி அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனால் அவன் கூறியதன் பொருள் எத்தகையது என்பது எனக்கும் விளங்கவில்லை. காலத்தே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற ஒரே நினைவுடன், இருவர் தோளையும் இருவர் காலையும் பற்றித் தூக்கி ஆட்டோவினுள் மடக்கி அமர்த்தினோம். தூக்கியவருள் நானும் ஒருவன். அவன் உயிர் பிழைத்தான். ஆயினும் எழுந்து நடக்கவில்லை. அது விபத்தினால் நேர்ந்ததா, நாங்கள் தூக்கிய முறையினால் நேர்ந்ததா என்பதை மருத்துவர் கூறவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. அதன்பின் செயின்ட் ஜான் முதலுதவி வகுப்பிற் சேர்ந்து பயின்றபோது, கழுத்தில் அடிபட்டவனை எவ்வாறு தூக்கலாகாது என்பதற்கு ஆசிரியர் கூறிய ஒவ்வோர் எடுத்துக்காட்டும் நாங்கள் செய்ததாகவே இருந்தது.

இரண்டாம் காரணம் என் மகள். பி.யூ.சி. வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் எடுத்துத் தேறியவள், விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் துறையில் பட்டப்படிப்புப் படிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தைக் கொணர்ந்து என் கையொப்பம் கேட்டாள். "ஆம்புலன்சில் ஏறிப் போவதற்கு ஒரு பட்டமா?" என்றார் என் இல்லத்தார். பத்தாம் வகுப்புடன் கல்வியை நிறுத்தி எழுத்தர் வேலையில் அமர்ந்த எனக்கும் அவ்வையம் இருந்தது. விடை கூற ஒரு திங்கள் தவணை கேட்டேன். அத்திங்கள் முழுவதும் படித்ததன் பயனே இக்கட்டுரை.

போர்க்களத்தில் தோன்றிய வண்டி

இவ்வரலாறு போர்க்களத்திலிருந்து தொடங்குகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியப் படைகளில், காயமுற்ற வீரன் போர் முடியும் வரை களத்திலேயே கிடக்க வேண்டும். மருத்துவப் பாசறை மூன்று மைல் தொலைவில் இருக்கும். ஒரு பகலும் ஓரிரவும் கழித்து எடுத்துச் சென்றபோது பலர் இறந்திருப்பர்.

1792ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவரான டொமினிக் லாரே என்பவர் இக்கொடுமையைக் கண்டார். பீரங்கிகளைக் குதிரைகள் விரைந்து இழுத்துச் செல்வதைக் கண்ட அவர், அதே விரைவில் காயமுற்றோரையும் எடுத்து வந்தால் என்ன என்று எண்ணினார். இலேசான, வில் பொருத்திய, குதிரைகள் பூட்டிய வண்டிகளைச் செய்வித்தார். அவற்றைப் 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று அழைத்தனர். வண்டியுடன் பயிற்சி பெற்ற ஆட்களும் சென்றனர். அதனினும் பெரிய சீர்திருத்தம் ஒன்றையும் அவர் செய்தார். தளபதி, சிப்பாய் என்ற தராதரம் பாராமல், எவனுக்கு ஆபத்து மிகுதியோ அவனுக்கே முதற் சிகிச்சை என்று விதித்தார். பின்னாளில் மாமன்னன் நெப்போலியனுடைய படைகளில் இம்முறை நிலைபெற்றது. இன்றும் ஒரு பெருவிபத்து நேர்ந்தால், காயமுற்றோரைத் தரம் பிரித்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டை கட்டும் வழக்கம் உள்ளது. அதன் வேர் லாரேயின் அக்கட்டளையில் உள்ளது.

1859 ஜூன் 24ஆம் நாள், இத்தாலியில் சோல்பெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. மாண்டோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ நாற்பதினாயிரவர் வீழ்ந்தனர். வாணிப நோக்கமாக அவ்வழிச் சென்ற சுவிட்சர்லாந்து நாட்டவர் ஆன்ரி டுனாண்ட், அருகிலிருந்த ஊர்ப் பெண்களைத் திரட்டி, எந்நாட்டு வீரன் என்று பாராமல் நீரும் கட்டுத்துணியும் கொடுக்கச் செய்தார். அவருக்கு மருத்துவம் தெரியாது. ஆயினும், பயிற்சி பெற்ற தொண்டர்களை அமைதிக் காலத்திலேயே ஆயத்தம் செய்து வைக்க வேண்டும் என்று அவர் 1862இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். அதன் விளைவே 1863இல் தோன்றிய செஞ்சிலுவை இயக்கம். 1864இல் ஜெனீவா உடன்படிக்கையும் உருவாயிற்று.

இங்கிலாந்தில் 1877இல் தொடங்கப்பட்ட செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம், இக்கல்வியைப் பொதுமக்களிடம் கொண்டு வந்தது. அதில் முற்பட்டுப் பயின்றோர் சுரங்கத் தொழிலாளரும் காவலரும் இரயில்வே ஊழியருமே என்பதை இரயில்வேக்காரன் என்ற முறையில் பெருமிதத்துடன் குறிப்பிடுகின்றேன். எங்கே ஆபத்து மிகுதியோ அங்கே கல்வி முதலில் வேரூன்றியது.

தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும்

நம் தமிழகத்தில் இக்காலத்து நிலைமை என்ன என்று பார்ப்போம். 1835இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல் நோக்கம் பெரிய மருத்துவர்களை உருவாக்குவதன்று. படைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மருத்துவருக்குத் துணைநிற்கும் அபாத்திகரிகளையும், புண்ணுக்குக் கட்டுக்கட்டும் டிரஸ்ஸர்களையும் பயிற்றுவிப்பதே. அதாவது, நம் மாகாணத்தின் முதல் மருத்துவப் பள்ளி உழைச்செல்வானுக்காகவே எழுந்தது. 1850இல் அது சென்னை மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1875இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அக்கல்லூரியிலேயே பயின்று 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரை அறியாதார் இலர். பெண்பிள்ளைக்கு இப்படிப்பு ஏற்குமோ என்று ஐயுறுவோர், நூறாண்டிற்கு முன்பே அவ்வையத்தைத் தீர்த்து வைத்த அவ்வம்மையாரை நினைத்துக்கொள்வாராக.

கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் நடந்ததோ இதனினும் வியப்பானது. 1847இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன் என்பவர் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் நிலைகொண்டார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், மக்களிடையே வாழ்ந்து பணிபுரிய வேண்டியவனுக்கு மக்கள் மொழியிலேயே மருத்துவம் கற்பித்தல் வேண்டும் என்று துணிந்தார். தமிழ் கற்றார். உடற்கூற்றைப் பற்றிய பாடநூல் 1852இல் அவருடைய முயற்சியால் தமிழில் வெளிவந்தது. அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என்று இன்றும் வினவுவோர் உளர். அவ்வினாவிற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் விடை கிடைத்துவிட்டது.

பெயரறியாத் தமிழர்

இனிக் கூறப்போகும் செய்தி தமிழர் ஒவ்வொருவரும் அறிய வேண்டுவது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டிற்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல், சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் நாள் தர்பன் சேர்ந்தது. அதன்பின் சென்ற பல்லாயிரவருள் தமிழரும் தெலுங்கருமே மிகுதி.

1899இல் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. அப்போது அங்கு வழக்கறிஞராக இருந்த காந்தியடிகள் இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்றை அமைத்தார். அதற்கு முன்னரே அவர் ஒரு தரும மருத்துவமனையில் நாள்தோறும் ஓரிரு மணி நேரம் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து பழகியவர். படையில் இருந்தோர் ஏறத்தாழ 1,100 பேர். அவருள் 300 பேர் ஒப்பந்தத்தினின்று விடுபட்டவர். ஏனைய 800 பேரும் ஒப்பந்தக் கூலிகள். டாக்டர் பூத் என்னும் பாதிரியார் அப்படையின் தலைவர்களுக்குச் சிகிச்சை முறைகளைக் கற்பித்தார். கொலன்சோப் போரிலும், 1900 ஜனவரியில் நிகழ்ந்த ஸ்பியான் கோப் போரிலும் இவர்கள் காயமுற்றோரைத் தூக்குக் கட்டிலில் சுமந்து, ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து மைல்வரை நடந்தனர். குண்டு பாயும் எல்லைக்குள் செல்ல வேண்டுவதில்லை என்ற உறுதிமொழி இருந்தும், தேவை நேர்ந்தபோது அதனுள்ளும் சென்றனர். ஸ்பியான் கோப்பில் படுகாயமுற்ற தளபதி உட்கேட்டைச் சுமந்தவர்களும் இவர்களே.

போர் முடிந்தது. படையின் தலைவர்களாயிருந்தோர்க்குப் பதக்கம் வழங்கினர். தோளிற் சுமந்த எண்ணூறு கூலிகளின் பெயர்களை நாம் அறியோம். அவர்களுள் தஞ்சையிலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்றோரின் வழித்தோன்றல்கள் இன்றும் தர்பனில் வாழக்கூடும். தொழில் இருந்தது; துணிவு இருந்தது; பெயர் மட்டும் எஞ்சவில்லை. உழைச்செல்வானுடைய வரலாறு முழுவதிலும் இதுவே மீண்டும் மீண்டும் காணப்படுகின்றது.

அமெரிக்கக் கறுப்பின இளைஞர்

இதே கதை அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் நிகழ்ந்தது. செல்வம் கொழிக்கும் அந்நாட்டில், 1966ஆம் ஆண்டளவில்கூட ஏறத்தாழப் பாதி ஆம்புலன்சுகளை நடத்தியவர் ஈமச்சடங்கு செய்விப்போரே. படுத்த நிலையில் ஒருவரை ஏற்றும் வண்டி அவர்களிடம் இருந்ததே காரணம். அதே ஆண்டு அந்நாட்டு அறிவியல் அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கை ஒன்று, நகரத் தெருவில் அடிபடுவதை விடப் போர்க்களத்தில் அடிபட்டவன் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்ற கருத்தை வெளியிட்டு மக்களைத் திடுக்கிடச் செய்தது.

பிட்ஸ்பர்க் நகரில் டாக்டர் பீட்டர் சாபார் என்பவர் இருந்தார். மூச்சு நின்றவனுக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர் அவர். 1966இல் தம் சொந்த மகளையே ஆஸ்துமாவிற்குப் பறிகொடுத்தார். மருத்துவமனைக்கு வரும் முன்பே உயிர்காப்புத் தொடங்க வேண்டும் என்னும் கொள்கைக்கே அதன்பின் தம்மை ஒப்படைத்தார். 1967இல் 'பிரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ்' என்னும் பணி தொடங்கிற்று. அதற்கு அவர் தெரிந்தெடுத்தவர் மருத்துவ மாணவர் அல்லர். வேலையின்றித் தெருவில் நின்ற கறுப்பின இளைஞரே. அவர்களிற் சிலர் உயர்நிலைப் பள்ளியையும் முடிக்காதவர். ஏறக்குறைய 300 மணி நேரம் உடற்கூறும் மூச்சுக்குழாய் செலுத்துதலும் இதயத்தை அழுத்தி இயக்குதலும் பிரசவம் பார்த்தலும் கற்பித்தார். 'பாராமெடிக்' என்று இன்று உலகம் கூறும் பணியின் முன்னோடிகள் அவர்கள். பின்னர் டாக்டர் நான்சி கரோலைன் என்னும் அம்மையார் அவர்களை வழிநடத்தி, அவ்வனுபவத்தைக் கொண்டு நாடு முழுவதற்கும் பாடத்திட்டம் எழுதினார்.

ஆனால் 1975இல் நகராட்சி தானே ஆம்புலன்ஸ் பணியை ஏற்று நடத்தத் தொடங்கியபோது நடந்ததைக் கேளுங்கள். பிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. முன்னோடிகளாகிய அவ்விளைஞருள் பலர், புதிய தேர்வுகளும் விதிகளும் காட்டி ஒதுக்கப்பட்டனர். அவர்கள் கற்பித்த கலையை அவர்களுக்குப் பின்வந்தோர் நடத்தினர். நேட்டாலில் பெயர் இழந்தனர். பிட்ஸ்பர்க்கில் வேலையையும் இழந்தனர். திறமை மட்டும் இருந்து, அதற்குச் சான்றாகிய பட்டமும் சட்டத்தின் காப்பும் இல்லையாயின் நேர்வது இதுவே. "ஆம்புலன்சில் ஏறிப் போவதற்கு ஒரு பட்டமா?" என்ற வினாவிற்கு எனக்கு முதல் விடை இங்கேதான் கிடைத்தது.

108 பிறந்த கதை

நம் நாட்டிலும் ஆம்புலன்ஸ் என்றால் நெடுங்காலம் படுக்கையும் டிரைவரும் உள்ள வண்டி என்றே பொருள். உள்ளே நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் அழுதுகொண்டிருக்கும் உறவினர் மட்டுமே. உழைச்செல்வானுக்கு அவ்வண்டியில் இடமில்லை.

2005 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 108 என்னும் எண்ணுடன் புதிய பணி தொடங்கியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15ஆம் நாளும், நாம் வாழும் கர்நாடகத்தில் கன்னட ராஜ்யோத்சவ நாளாகிய 2008 நவம்பர் 1ஆம் நாள் 'ஆரோக்கிய கவச' என்ற பெயரிலும் இது தொடங்கப் பெற்றது. இப்பணியின் சிறப்பு வண்டியில் இல்லை. வண்டியினுள் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் நோயாளியின் அருகில் இருக்கின்றார் என்பதே சிறப்பு. வள்ளுவர் கூறிய நான்காம் கூறு நம் சாலைகளில் அன்றுதான் ஏறி அமர்ந்தது. இலங்கையில் இந்திய உதவியுடன் 2016இல் தொடங்கிய 1990 ஆம்புலன்ஸ் பணியின் முதல் ஊழியரும் ஐதராபாத்தில் பயிற்சி பெற்றவரே. 2018 ஜூலையில் அப்பணி யாழ்ப்பாணத்திற்கு வந்தது. கிறீன் துரை தமிழில் மருத்துவம் கற்பித்த மானிப்பாய்ச் சாலையிலும் இன்று அவ்வண்டி ஓடுகின்றது.

இவ்வளவும் வேண்டுமா என்போர்க்கு ஒரு கணக்கு. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. மூளைக்கு உயிர்க்காற்று நான்கு முதல் ஆறு நிமிடம் தடைப்பட்டால் அது அழியத் தொடங்குகின்றது. உலகின் தலைசிறந்த மருத்துவர் மருத்துவமனையில் காத்திருந்தாலும், அந்த ஆறு நிமிடத்தை அவரால் மீட்டுத்தர இயலாது.

பட்டமும் சட்டமும்

2009இல் அவசர மருத்துவம், மருத்துவப் பட்டமேற்படிப்பில் ஒரு தனித்துறையாக இந்திய மருத்துவக் கழகத்தால் ஏற்கப்பட்டது. மருத்துவர்க்கு அவ்வாறாயின், அவர்க்குத் துணைநிற்பவர்க்கும் முறையான கல்வி வேண்டுமன்றோ? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்னும் பி.எஸ்ஸி. பட்டப்படிப்பு உள்ளது. மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியுமாக நான்காண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இதனைக் கற்பிக்கின்றது.

முதலில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர் வேதியியல், மருந்தியல், நுண்ணுயிரியல் ஆகியவை கற்பிக்கப்படும். பின்னர், அடைபட்ட மூச்சுவழியைத் திறத்தல், இரத்தப் பெருக்கை நிறுத்தல், ஈ.சி.ஜி. படம் எடுத்து மாரடைப்பை உணர்தல், நரம்பில் ஊசி ஏற்றுதல், முறிந்த எலும்பிற்குச் சிம்பு வைத்துக் கட்டல், தீப்புண், நஞ்சு, பாம்புக்கடி, வழியிற் பிரசவம் ஆகியவற்றைக் கையாளுதல் என்று படிப்படியாகப் பயிற்சி விரிகின்றது.

கழுத்தடிபட்டவனைத் தூக்கும் முறையும் அதில் ஒரு பாடம். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரு கைகளாலும் தலையை அசையாமல் பற்றிக்கொள்ள வேண்டும். கழுத்திற்குப் பட்டை பூட்ட வேண்டும். ஏனையோர் தோள், இடுப்பு, கால் என்று பிடித்து, தலைமாட்டில் இருப்பவர் எண்ணும் எண்ணிற்கு, மரக்கட்டையைப் புரட்டுவது போல் உடல் முழுவதையும் ஒருசேரப் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். இவ்வளவுதான். சில நிமிட வேலை. அம்மழைநாளிரவில் இதனை அறிந்தவர் எங்களுள் ஒருவர் இருந்திருப்பாராயின், இன்றும் என் உறக்கத்தைக் கெடுக்கும் அவ்வினா எனக்கு இல்லாதிருந்திருக்கும்.

சட்டத்தின் நிலையையும் கூற வேண்டும். பாராமெடிக்கல் என்ற ஒரே சொல்லால் ஆய்வுக்கூடத்தார், எக்ஸ்ரே எடுப்போர், டயாலிசிஸ் இயக்குவோர் அனைவரையும் நாம் குறித்து வந்தோம். 2021இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய இணை சுகாதாரத் தொழிலோர் ஆணையச் சட்டம், ஒவ்வொரு தொழிலையும் தனித்தனியே பெயர் கூறிப் பட்டியலிட்டது. அவசர மருத்துவத் தொழில்நுட்பராகிய பாராமெடிக்கும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளார். இணைத் தொழிலோர் இரண்டாயிரம் மணி நேரத்திற்குக் குறையாமல் பயின்றிருக்க வேண்டும் என்பதும், பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதிகள். நேட்டால் கூலிகளுக்குக் கிட்டாத ஒன்று இங்கே கிட்டியுள்ளது. அது பெயரைத் தாங்கிய ஒரு பதிவேடு.

பெற்றோர்க்கு இரண்டு சொற்கள் கூறுவேன். விளம்பரப் பலகையைக் கண்டு பணம் கட்ட வேண்டா. அக்கல்லூரி எப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது, ஓராண்டுப் பயிற்சியை எம்மருத்துவமனையில் தருவர் என்பவற்றை எழுத்தில் கேட்டறிந்த பின்னரே சேர்க்க வேண்டும். சேர்க்கை விதிகளை அவ்வாண்டிற்குரிய அறிவிப்பிற் காண்க. மற்றொன்று, இது எளிய வாழ்வு அன்று. இரவுப்பணி உண்டு, கண்ணால் காணவொண்ணாத காட்சிகள் உண்டு, ஆம்புலன்ஸ் ஊழியர் ஊதியத்திற்காகப் போராடிய செய்திகளை நாளேடுகளிற் கண்டிருக்கின்றோம். இதனை மறைத்துப் பிள்ளைகளை அனுப்புதல் தகாது.

நம் பிள்ளைகளின் முதலீடு

இனி நம் ஊருக்கு வருகின்றேன். சந்தாபுரா அமைந்திருப்பது நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலையின் மீது. ஒருபுறம் பொம்மசந்திராவின் தொழிற்சாலைகளும் மின்னணு நகரமும். மறுபுறம் அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழ்நாடு. 2025இல் மெட்ரோ இரயில் பொம்மசந்திரா வரை வந்துவிட்ட போதிலும் இரவு பகலாக லாரிகளும் இரு சக்கர வண்டிகளும் இச்சாலையில் நெருங்கிச் செல்கின்றன. அடிபட்டு வீழ்பவன் கிருஷ்ணகிரித் தமிழனாயிருக்கலாம், ஆனேக்கல் கன்னடியனாயிருக்கலாம், சித்தூர்த் தெலுங்கனாயிருக்கலாம், பீகார்த் தொழிலாளியாயிருக்கலாம். வலியில் துடிப்பவனுக்குத் தாய்மொழி தவிர வேறு மொழி வாயில் வராது.

நம் காலனிப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், தெருவில் தெலுங்கும் இந்தியும் பேசி வளர்கின்றனர். ஊரை விட்டு வந்ததனால் பிள்ளைகளுக்கு ஒரு மொழியும் செம்மையாக வரவில்லையே என்று நாம் வருந்துகின்றோம். அன்பர்களே! ஓசூர்ச் சாலை ஆம்புலன்சில் அமர்ந்திருப்பவர்க்கு அதனினும் பெரிய முதலீடு யாது? "எங்கே வலிக்கிறது?" என்று ஐந்து மொழிகளில் கேட்கவும், விடையை விளங்கிக்கொள்ளவும் வல்ல பிள்ளைகள் வேறெங்கு உளர்?

நம் இல்லங்களில் டாக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு படிப்புகளையே படிப்பாகக் கருதி, அவை கிட்டாதபோது பிள்ளையைத் தோற்றவனாக எண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். நான்காம் கூறு மற்ற மூன்றிற்கும் தாழ்ந்தது என்று வள்ளுவர் கூறவில்லை. நான்கும் சேர்ந்தே மருந்து என்றார்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கலை நிகழ்ச்சிகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் நாள் ஒதுக்குகின்றோம். அவற்றுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முதலுதவி வகுப்பிற்கும் ஒதுக்குவோமாக. விபத்தில் உதவுவோரைக் காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைக்கழிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் கட்டளையிட்டது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அவர்களுக்குக் காப்பளித்துள்ளது. ஆதலின் அஞ்சி ஒதுங்குதற்குக் காரணம் இல்லை. அறியாது தூக்குதற்கும் இனிக் காரணம் இருத்தல் ஆகாது.

ஒரு திங்கள் தவணை முடிந்த அன்று, நான் படித்தவற்றை என் இல்லத்தாருக்கும் மகளுக்கும் எடுத்துக் கூறினேன். நேட்டால் கூலிகளின் செய்தியைக் கேட்ட என் இல்லத்தார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "ராத்திரி டூட்டின்னா யாரு கொண்டுபோய் விடறது?" என்று மட்டும் கேட்டார். நான் விடுகிறேன் என்றேன். விண்ணப்பத்தில் கையொப்பமிட்டேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! நம்மை வாழவைக்கும் கன்னட நாடு வாழ்க!